இன்னொருத்தர்

காலை ஐந்தே முக்காலுக்கு அஞ்சு ரோட்டில் ஏறினேன்.
"புக்கிங்ல ரெண்டு பேர்னு இருக்கே?"
கண்ணாடி வழியே கேட்டார் பச்சியண்ணன்.
இன்னொருத்தர் வழியில் ஏறுவாங்க என்றேன்.
தனியாக ஒருத்தி, சொந்தக் காசில் கார் பிடித்து
இடிந்த கோட்டையும் காட்டுமாடும் பார்க்கப் போகிறாள்
என்று சொல்வதைவிட
இந்தப் பொய்க்கு விளக்கம் குறைவு.

வீட்டில் சொன்ன பொய் வேறு:
ஈரோட்டில் மாவு சாம்பிள், நாள் முழுக்க வேலை.
பதினேழு வருஷமாய் சேகோ பேக்டரி லேப்பில்
ஈரப்பதம் எழுதுகிறவள் நான்.
பன்னிரண்டு புள்ளி நாலு.
பன்னிரண்டு புள்ளி ஆறு.
மூட்டைக்கு மூட்டை மாறுவது அவ்வளவுதான்.

சங்ககிரியில் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகளில்
முதல் வெல்டிங் பொறி விழுகிற நேரம்.
"இங்க ஏறுவாங்களா மேடம்?"
இல்லை, மலையடியில்.
மலையடியில் ஒரு வெள்ளாடு நின்றிருந்தது.
அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
வண்டியை நிழலில் போட்டார்.

வாசல் தாண்டி வாசல்.
நாலாவதோடு எண்ணுவதை விட்டு மூச்சை எண்ணினேன்.
களஞ்சியத்துக்குக் கூரை இல்லை.
வானம் உள்ளே கொட்டிக் கிடக்கிறது,
படியளக்க ஆளில்லாமல்.
சுவரில் கை வைத்தேன்; கல் இன்னும் சூடேறவில்லை.
ஈரம் ஒன்பது இருக்கும் என்றது தொழில் புத்தி.
பக்கத்தில் சுண்ணாம்பில் எழுதியிருந்தது
சுதாகர் கூட்டல் யாரோ.
யாரோவை மட்டும் மழை தின்றிருந்தது.

காவலுக்கு இருந்தவர் வெறுந்தரையைக் காட்டி
"இங்கதான் குதிரை கட்டியிருந்தாங்க" என்றார்.
குதிரையைப் பார்த்தவள்போல்
ஒரு அடி தள்ளி நின்றுகொண்டேன்.

வாடகையோடு சேர்த்து இரண்டு சாப்பாடு.
இன்னொருத்தர் பொட்டலத்தைப் பச்சியண்ணனிடம் நீட்டினேன்.
புளிசாதத்தை வழித்துத் தின்று, வடையையும் முடித்து
"அவங்களுக்கு நன்றி சொல்லிடுங்க" என்றார்
சிரிக்காமல்.

ஏற்காட்டில் ஜீப் மாறினேன்.
காப்பிச்செடி இருமருங்கும் உரச
மிளகுக்கொடி சுற்றிய மரங்களுக்கிடையே
இரண்டு மணி நேரம் குலுக்கி எடுத்தார் ஆண்டியப்பன்.
ஒரு மயில். குரங்குகள், அவை பஸ் ஸ்டாண்டிலும் உண்டு.
"நேத்து இந்நேரம் இங்கதான் நின்னுச்சு,
பதினோரு உருப்படி, கன்னுக்குட்டியோட."
குளம்பு பதிந்த பள்ளத்தில் தண்ணீர்.
சாணியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.
தொட்டேன். வெதுவெதுப்பு.
அன்று முழுக்கத் தொட்டதில்
சூடு மிச்சமிருந்தது அதில்தான்.

கோட்டையிலும் காட்டிலும் ஒரே வாக்கியம்.
எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் இந்நேரம்
யாராவது விரல் நீட்டி
"நேத்து இங்கதான் நின்னுட்டிருந்தா"
என்று சொல்லிக்கொண்டிருப்பார்களா?
சொல்ல மாட்டார்கள்.
இட்லிமாவு எங்கே என்று தேடுவார்கள்.

இறங்கும்போது இருட்டிவிட்டது.
ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில் பிரேக்.

ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது.
அவ்வளவு கறுப்பு.
முழங்காலுக்குக் கீழே மட்டும்
எங்கள் பேக்டரி மாவுத்தொட்டியில் இறங்கி
ஏறி வந்தாற்போல் வெள்ளை.
பச்சியண்ணன் விளக்கை அணைத்தார், எஞ்சினையும்.
பிறகு இருட்டில், மிகத் தணிந்த குரலில்:
"இன்னொருத்தர் வந்துட்டாங்க மேடம்."

சீட்டில் நான் நகர்ந்து உட்கார்ந்தேன்.
வேண்டுமென்று செய்யவில்லை.

மூச்சு விடுகிற சத்தம் மூன்று இருந்தது,
பெரியது வெளியே.
எவ்வளவு நேரமென்று தெரியாது.
பின்னால் வந்த பஸ் ஹாரன் அடிக்க
அது தடுப்புச்சுவரை, ஒரு வாசற்படியைப்போல்,
தாண்டிப் போனது.

டிரிப் ஷீட்டில் கையெழுத்துப் போட்டேன்.
பயணிகள்: இரண்டு.
அடித்துத் திருத்தப் பேனாவை எடுத்தவர்
பாக்கெட்டில் செருகிக்கொண்டார்.

"ஈரோட்டு சாம்பிள் எப்படி?"
டிவியைப் பார்த்தபடியே கேட்டார் வீட்டுக்காரர்.
விரலை முகர்ந்து பார்த்தேன்.
"ஈரம் கொஞ்சம் தூக்கல்" என்றேன்.